பள்ளிப் பிள்ளைகளும் எய்ட்ஸ் நோய் பற்றிய அறிவும்

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யும் பணியில் இருப்பவன் நோய் ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுவது அங்கத்தினர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். பங்குத் தொகை, கடன் தவணை, நூல் விலை, உர இருப்பு ஆகியவை பற்றி எழுதுவதே என் வழக்கம். ஆயினும் சென்ற டிசம்பர் முதல் நாளன்று ஒரு சங்கத்தின் திண்ணையில் நிகழ்ந்த சிறு உரையாடல் இதனை எழுதும்படி செய்துவிட்டது.

சங்கம் நாமக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. ஊரின் பெயரைக் கூறுவது முறையன்று. அப்பகுதியை அறிந்தவர்கள் அதன் வாழ்வையும் அறிவர். வீட்டுக்கு வீடு தறியோசை. ஊருக்கு வெளியே மரவள்ளிக் காடு. இளைஞருள் பலர் லாரியிலும், திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு முழுவதும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டியிலும் மாதக்கணக்கில் வெளியூர் வாசம். அன்று உலக எய்ட்ஸ் நாள். 1988 முதல் ஆண்டுதோறும் அந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளை ஏந்தி, முழக்கமிட்டுக்கொண்டு சங்கக் கட்டடத்தைக் கடந்து சென்றனர். ஊர்வலம் கலைந்ததும் ஏழெட்டுப் பேர் தண்ணீர் குடிக்கத் திண்ணைக்கு வந்தார்கள். நான் பேரேட்டை மூடிவைத்துவிட்டு அவர்களோடு பேசினேன்.

எய்ட்ஸ் என்பதன் ஆங்கில விரிவைக் கேட்டேன். ஒரு பையன் ஓர் எழுத்துப் பிழையின்றி ஒப்புவித்தான். அந்நோய் உள்ளவரைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நோய் வருமா என்று கேட்டேன். மூவர் வரும் என்றனர்; மற்றவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒரே தட்டில் உண்டால்? மௌனம். மருந்து உண்டா என்றதும் மட்டும் எல்லோரும் ஒரே குரலில், "இல்லைங்க சார், செத்துப் போயிருவாங்க" என்றார்கள். "மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்" என்றேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

எல்லோரும் எழுந்து சென்றபின் ஒரு சிறுமி மட்டும் பின்தங்கி நின்றாள். அதுவரை அவள் வாய் திறக்கவில்லை. "அந்த மாத்திரை சாப்பிட்டா எத்தன வருசம் இருப்பாங்க, சார்?" என்று கேட்டாள்.

அவள் யாரைக் கருதிக் கேட்டாள் என்று நான் வினவவில்லை. வினவும் உரிமையும் எனக்கு இல்லை. "நிறைய வருடம் இருப்பார்கள் அம்மா" என்று மட்டும் சொன்னேன். பட்டம் பெற்றவன் கூறும் விடையா அது என்று அன்றிரவு முழுதும் மனம் உறுத்தியது. மறுவாரமே அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்துக்குச் சென்று, அங்குள்ள ஆலோசகரிடம் இரண்டு மணி நேரம் பாடம் கேட்டேன். அதன்பின் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கிருமி செய்யும் கள்ளக் கணக்கு

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அக்கிருமி நெடுங்காலம் தடையின்றிப் பெருகியதால் உடலின் எதிர்ப்பாற்றல் குலைந்து, காசநோய் முதலிய பல நோய்கள் வந்து சூழும் முற்றிய நிலையின் பெயர். மருந்து உண்ணாத ஒருவருக்கு, கிருமி புகுந்த நாளிலிருந்து அந்நிலை வரச் சுமார் எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகக்கூடும். அவ்வளவு காலமும் அவர் தறி நெய்யலாம், ஏர் ஓட்டலாம், பார்வைக்கு நம்மைப் போலவே இருக்கலாம். "ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்னும் ஊர்ப் பேச்சு எத்துணை தவறானது என்பது இதனால் விளங்கும்.

இக்கிருமி உடலில் செய்வது என்ன? கணக்குப் புத்தகங்களோடு பழகிய நமக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு சங்கத்தின் பேரேட்டில் எவனோ ஒருவன் இரகசியமாக ஒரு பொய்க் கணக்கை எழுதிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தர் அதனைச் சங்கத்தின் கணக்கென்றே நம்புகிறார். பேரேடு பெயர்த்தெழுதப்படும்போதெல்லாம் பொய்யும் சேர்ந்தே பெயர்கிறது. எச்.ஐ.வி. கிருமியும் இவ்வாறே நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களுள் ஒரு வகையினுள் நுழைந்து, அவ்வணுவின் மரபுக் குறிப்பிலேயே தன் குறிப்பை எழுதிவிடுகிறது. அணு தன் வேலை என்று எண்ணிக்கொண்டு கிருமிகளைப் படியெடுத்துத் தள்ளுகிறது. இறுதியில் தானும் அழிகிறது. நோய்களை எதிர்க்கும் படைக்குத் தலைமை தாங்கும் அணுக்களே இவை என்பதுதான் இதில் கொடுமை.

மருந்து செய்யும் வேலையும் இதே உவமையால் விளங்கும். கூட்டு மருந்து, புதிய பேரேடுகளில் பொய்க் கணக்கு ஏறாதவாறு காவல் காக்கிறது. முன்பே ஏறிவிட்ட குறிப்புகளைத் தேடிப்பிடித்து அடித்தெறிய மட்டும் மருத்துவ உலகம் பொதுவான வழி ஒன்றை இன்னும் காணவில்லை. ஆகவே காவல் நின்றால் களவு மீண்டும் தொடங்கும். வாழ்நாள் முழுதும் மாத்திரையை விடாது உண்ணவேண்டும் என்பதன் காரணம் இதுவே. காரணம் சொல்லாமல் "விடக்கூடாது" என்று அச்சுறுத்தினால், உடல் தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவோர் இருக்கத்தான் செய்வர்.

கொசுவைப் பற்றிய ஐயம்

பிள்ளைகளின் கொசு ஐயத்தை நகைத்துத் தள்ளக்கூடாது. மலேரியாவும் டெங்குவும் கொசுவால் வருபவை என்று நாமே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். இரத்தத்தில் உள்ள நோய் கொசுவால் வரும் என்று அவர்கள் கருதியது அறிவின்மையன்று. கற்றதைப் பொருத்திப் பார்த்த அறிவே. வேறுபாட்டை எடுத்துக் கூறாதது நம் குறை. மலேரியா, டெங்குக் கிருமிகள் கொசுவின் உடலில் உயிரோடிருந்து பெருகி, அதன் உமிழ்நீருக்கு வந்து சேர்கின்றன. எச்.ஐ.வி. கிருமியோ கொசுவின் குடலில் உணவோடு செரித்துப் போகிறது. மேலும், கொசு நம்மைக் கடிக்கும்போது தன் உமிழ்நீரையே உட்செலுத்துகிறது. முன்பு குடித்த பிறர் இரத்தத்தை அன்று.

கைகுலுக்கல், ஒரே தட்டு, ஒரே குடம், ஒரே கழிவறை, இருமல், தும்மல், ஒரே தறியில் அமர்தல் ஆகிய எதனாலும் இது பரவாது. பரவும் வழிகள் சிலவே. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பிறர்க்கு இட்ட ஊசியை மீண்டும் இடுதல், தாயிடமிருந்து கருவிலோ பேற்றிலோ தாய்ப்பாலிலோ சேய்க்குச் செல்லுதல் ஆகியவையே அவை. இவற்றுள் முதலாவதே நம் நாட்டில் மிகப் பெரும்பான்மை. ஆணுறை அதனைத் தடுக்கும் என்பதைப் பெரியவர்களாகிய நாம் நாத்தடுமாறாமல் சொல்லப் பழகவேண்டும். ஊர்வலத்தில் வந்த அட்டைகள் ஒன்றிலும் அச்சொல் இல்லை.

ஊசியைப் பற்றியும் ஒரு சொல். கிராமப்புறத்தில் சிறு காய்ச்சலுக்கும் "ஊசி போட்டால்தான் தீரும்" என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், பாங்கர்மாவ் பகுதியில் பலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. முறையாகப் படிக்காத ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் இட்டதே காரணம் என்று அதிகாரிகள் கூறினர். 2019-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ரத்தோதேரோ ஊரில் நூற்றுக்கணக்கானோருக்கு இக்கிருமி கண்டறியப்பட்டபோது, அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அங்கும் ஊசியை முறையின்றிக் கையாண்டதே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. ஒழுக்கம் கெட்டவர்க்கு மட்டுமே வரும் நோய் இது என்போர் அந்தக் குழந்தைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பர்? திருவிழாக்களில் பச்சை குத்துவோரிடமும் புதிய ஊசி கேட்டுப் பெறுவது நலம். நாவிதர் கடையில் இதற்காக அஞ்சவேண்டுவது மிகக் குறைவே எனினும், பிற நோய்களையும் கருதிப் புதிய அலகு கேட்பதில் நாணம் வேண்டா.

அச்சம் வந்த வரலாறு

1981-இல் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதல் குறிக்கப்பட்டது. 1983-இல் பாரிசு நகரப் பாஸ்டர் நிறுவனத்தார் கிருமியைப் பிரித்தறிந்தனர். இந்தியாவுக்கு இது வராது என்றே அப்போது பலரும் நம்பினர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா 1986-இல் திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்தபோதுதான் நம் நாட்டிலும் கிருமி இருப்பது வெளியாயிற்று. ஆக, இந்த வரலாற்றின் இந்தியப் பகுதி தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது. 1994-இல் மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் கண்டதும் தமிழ்நாடே.

அன்று மருந்து இல்லை. "எய்ட்ஸ் என்றால் மரணம்" என்று சொல்லியது அக்காலத்துக்குப் பொய்யன்று. 1996-இல் கூட்டு மருந்து வந்தது. ஆனால் ஓர் ஆண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. 2001-இல் சிப்லா என்னும் இந்திய நிறுவனம் அதனை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. மருந்து வந்து இருபது ஆண்டுகள் கடந்தும் மரணத்தின் முழக்கம் மட்டும் மாறாமல் நம் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் நிலைத்துவிட்டது.

நான் பள்ளியில் பயின்ற நாளில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவர்தோறும் எழுதியிருந்தார்கள். பெரியவர்களை நோக்கிய விளம்பரம் அது. பேசவே கூசிய பொருளைப் பேசவைத்தது என்ற வகையில் வெற்றி பெற்றதுதான். ஆனால் வகுப்பில் நாங்கள் அப்பெயரை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்தோமேயன்றி, வருமா வராதா, எப்படி வரும் என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இன்று பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் எய்ட்ஸ் பற்றிய பகுதி உள்ளது. "அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கடந்துவிடுவதாகத் திண்ணைப் பிள்ளைகள் சொன்னார்கள். எல்லாப் பள்ளியிலும் அப்படியே என்று நான் கூறவில்லை.

பெரியவர்களாகிய நம் நிலை மேலானதா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுடையோருள் இந்நோய் பற்றி முழுமையான அறிவு பெற்றிருந்தவர்கள் பெண்களில் 21.6 விழுக்காடு, ஆண்களில் 30.7 விழுக்காடு மட்டுமே. முழுமையான அறிவு என்பது பெரும் படிப்பன்று. ஆணுறையும், ஒருவரோடு ஒருவர் என்னும் வாழ்வும் காக்கும் என்பது, நலமாகத் தோன்றுபவர்க்கும் கிருமி இருக்கலாம் என்பது, வழக்கிலுள்ள இரண்டு தவறான எண்ணங்களை மறுக்கத் தெரிவது ஆகிய இவ்வளவே.

அச்சுறுத்திக் கற்பித்தால் பிள்ளைகள் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்பது நம் எண்ணம். நடப்பது வேறு. இது மரணம், இது இழிவு என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், வயது வந்து லாரியேறிப் போய் ஒருநாள் ஐயம் கொண்டால், சோதனைக்கு வரமாட்டான். தெரியாமலிருப்பதே மேல் என்று மறைந்திருப்பான். மறைவில் அவனுக்கும் கேடு, அவன் மனைவிக்கும் கேடு. ஊர்வல முழக்கம் அன்றைக்கு வேறொரு தீங்கும் செய்திருக்கக்கூடும். அந்த வரிசையில் நடந்த பிள்ளைகளுள் ஒருத்தி, தன் வீட்டில் ஒருவர் இறந்தே தீருவார் என்று தானே உரக்கக் கூவிக்கொண்டு போயிருக்கலாம்.

அச்சிறுமியின் கேள்விக்கு விடை

கிருமி இருப்பதை உரிய காலத்தில் அறிந்து, மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உண்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழலாம். இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதுமானதாக உள்ளது. சில மாதங்களில் இரத்தத்திலுள்ள கிருமியின் அளவு சோதனைக்குத் தென்படாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் அவரிடமிருந்து பிறருக்குக் கிருமி பரவுவதில்லை என்பது பெரிய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. கருவுற்ற தாய்க்குக் கிருமி இருந்து மருந்து இல்லையேல், நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து சேய்களுக்கு அது செல்லக்கூடும். மருந்து உண்டால் அது ஐந்துக்கும் கீழாகக் குறைகிறது. இவ்வளவையும் அன்றே அவளிடம் சொல்லியிருந்தால் அவள் வேறு முகத்தோடு வீடு சென்றிருப்பாள்.

சோதனையைப் பற்றியும் பிள்ளைகள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமான சோதனை கிருமியைத் தேடுவதன்று. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளையே பெரிதும் தேடுகிறது. அது உண்டாகச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். ஆகவே முதல் வாரச் சோதனையில் "இல்லை" என்று வந்தால் அதனை முடிவாகக் கொள்ளக்கூடாது. கிருமி பட்டிருக்குமோ என்று ஐயுறும் நிகழ்ச்சி ஏதேனும் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்து உண்டு.

சட்டம் கூறுவது

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இரயன் வைட் என்ற சிறுவனுக்கு, இரத்தம் உறையாத பிறவி நோய்க்குத் தந்த மருந்தின் வழியாக இக்கிருமி சேர்ந்தது. 1985-இல் அவன் பயின்ற பள்ளி அவனை உள்ளே விட மறுத்தது. பெற்றோர் பலரும் அதனை ஆதரித்தனர். அவன் வழக்காடிப் பள்ளி சென்றான், 1990-இல் இறந்தான். வேற்று நாட்டுக் கதை என்று நாம் பெருமூச்சு விடவேண்டுவதில்லை. நம் நாட்டிலும் இவ்வாறு பிள்ளைகள் ஒதுக்கப்பட்டதுண்டு.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் இவர்களை வேற்றுமைப்படுத்துவதைத் தடை செய்கிறது. ஒருவருக்குக் கிருமி இருப்பதை அவர் இசைவின்றி வெளியிடுதலும் கூடாது. சங்க நிர்வாகிகள் இதனைக் குறித்துக்கொள்க. அங்கத்தினர் ஒருவரின் நோய் பற்றிச் செவிவழி வந்த செய்தியை நிர்வாகக் குழுவில் பேசுவதற்கும், கடன் விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்துவைப்பதற்கும் யாருக்கும் உரிமை இல்லை.

இச்சட்டத்தில் ஒரு பிரிவு என் மனத்தில் ஆழப் பதிந்தது. இந்நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில், பன்னிரண்டு வயது நிரம்பிப் பதினெட்டு நிரம்பாத பிள்ளை, குடும்பத்தை நடத்தும் அறிவு முதிர்ச்சி உடையதாயின், தன் இளைய உடன்பிறப்பின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, சிகிச்சை முதலியவற்றுக்குக் காப்பாளராகச் செயற்படலாம். பதின்மூன்று வயதில் குடும்பப் பொறுப்பைத் தோளில் ஏற்ற பிள்ளைகள் இந்நாட்டில் இருந்தார்கள் என்பதை அறிந்தே அப்பிரிவை எழுதியிருக்கிறார்கள்.

சங்கம் செய்யக்கூடியது

"இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசினால் கெட்டுப்போவார்களே" என்று ஒரு சங்க இயக்குநர் என்னிடம் கேட்டார். அவர் மட்டுமல்லர், 2007-இல் பல மாநிலங்கள் இதே காரணத்தைக் கூறிப் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தி வைத்தன. ஆயின் யுனெஸ்கோ நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நூல், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இக்கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே அவ்வழியில் செல்வதில்லை என்றே கூறுகிறது. இயக்குநரின் கவலையை நான் இகழவில்லை. அவருக்கு இரண்டு பெண்கள். "பள்ளியில் சொல்லாவிட்டால் அவர்கள் அறியாமலே இருப்பார்களா, கைப்பேசியில் அறிவார்களா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்டால் எனக்கல்லவா பதில் தெரியாது" என்றார். அது நேர்மையான சொல்.

ஆகவே பெரியவர்கள் முதலில் கற்பது என்று முடிவாயிற்று. நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம். அங்கத்தினர்கள் எப்படியும் கூடுவார்கள். கொடியேற்றமும் உரைகளும் முடிந்த ஒரு மாலையில், நம்பிக்கை மைய ஆலோசகரைச் சங்கக் கூடத்துக்கு அழைப்பது. அடுத்த வாரம் அவரே பள்ளிக்குச் செல்வது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அப்பெற்றோருள் பலர் நம் அங்கத்தினர்கள். அவர்கள் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டால் மறுக்க ஏதுமில்லை. மாணவரையும் மாணவியரையும் முதலில் தனித்தனியே அமர்த்திப் பேசுவது நலம் என்று ஆலோசகர் சொன்னார். பெயர் எழுதாத துண்டுத் தாள்களில் கேள்வி எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்வதும் அவர் கூறிய வழியே. வாய்விட்டுக் கேட்க நாணும் பிள்ளையும் எழுதும். யார் எழுதியது என்று ஆராயக்கூடாது. பெட்டி வேண்டுமானால் நம் சங்கத்துப் பழைய வாக்குப் பெட்டியே போதும்.

பிற ஊர்ச் சங்கத்தார் அறியவேண்டிய செய்தி இரண்டு. நம்பிக்கை மையம் அரசு மருத்துவமனைகளில் உள்ளது. அங்குச் சோதனை இலவசம், முடிவு இரகசியம். நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம், பெயர் சொல்லவேண்டுவதில்லை.

அவ்வூர்க் கூட்டம் கூட்டுறவு வாரத்தின் நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு. பள்ளியில் பேசும்போது, பெட்டியைத் திறக்குமுன், மாத்திரை உண்டால் எத்தனை ஆண்டு வாழலாம் என்பதை முதலில் சொல்லுமாறு ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டுள்ளேன்.